குண்டு மழைக்கு நடுவே ஒரு நகைச்சுவைப் பத்திரிகை

புலம்புவதற்கு மனிதனுக்கு விஷயமா பஞ்சம்? பஸ் லேட், மெஸ் சாம்பாரில் உப்பு இல்லை, பரீட்சைக்கு முதல் நாள் கரண்ட் கட்... இதற்கே தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுபவர்கள் உண்டு. ஆனால் சேற்றிலும் எலிகளோடும் பேன்களோடும் மாதக்கணக்கில் பதுங்கு குழியில் கிடந்த சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்திரிகை நடத்தினார்கள். அதுவும் நகைச்சுவைப் பத்திரிகை!

முதல் உலகப்போர் காலம். பெல்ஜியத்தில் ஈப்ர் என்று ஒரு பழைய ஊர். ஜெர்மன் பீரங்கிகள் அதை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'வைப்பர்ஸ்' என்றே கூப்பிட்டார்கள் (மழையில் பஸ் கண்ணாடியைத் துடைக்குமே, அதே உச்சரிப்புதான்!).

1916 தொடக்கத்தில் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் 12-வது பட்டாலியன் வீரர்கள் அங்கே இடிபாடுகளுக்குள் ஒரு அச்சு இயந்திரத்தைக் கண்டெடுத்தார்கள். அவர்களில் ஒரு சார்ஜன்ட் முன்பு அச்சுத் தொழில் செய்தவர். அவர் அதை ஓட வைத்தார். கேப்டன் ஃப்ரெட் ராபர்ட்ஸ் ஆசிரியர், ஜாக் பியர்சன் துணை ஆசிரியர். பிப்ரவரி 12, 1916 அன்று 'வைப்பர்ஸ் டைம்ஸ்' முதல் இதழ் வந்தது. நூறே பிரதிகள்! அச்செழுத்து போதாததால் ஒரு பக்கத்தை அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்து, பிறகுதான் அடுத்த பக்கம் கோர்க்க வேண்டும்.

உள்ளே முக்கியச் சரக்கு போலி விளம்பரங்கள். குண்டு விழுந்து கூரை போன துணி வணிக மண்டபத்தை, ஊரிலேயே நல்ல காற்றோட்டமான அரங்கம் என்று விளம்பரப்படுத்தினார்கள். கடும் சண்டை நடந்த 60-ஆம் குன்றில் வீட்டுமனை விற்பனை என்றார்கள். அப்போது லண்டனில் ஹிலெர் பெல்லாக் என்ற எழுத்தாளர் ஜெர்மன் இழப்புகளைக் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதி வந்தார். அவர் பெயரை 'பெலரி ஹெல்லாக்' என்று புரட்டிப்போட்டு, எதிரியில் ஆளே மிச்சமில்லை, ஆகவே போர் முடிந்த மாதிரிதான் என்று 'நிரூபித்துக்' காட்டினார்கள். கணக்கு சரியாக இருந்தது, எதிரே சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அது தெரியவில்லை!

விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட்ஸ், பியர்சன் இருவருமே போர்முனை வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர்கள்.

ஜூலை 1, 1916. சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. அதே மாதம் 31-ஆம் தேதி இவர்களது பத்திரிகை 'சோம் டைம்ஸ்' என்ற புதுப் பெயரில் வந்தது. அதில் ஒரு மருந்து விளம்பரம். என்ன நோய்க்கு? நம்பிக்கை என்ற நோய்க்கு! போர் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் என்று தோன்றுகிறதா, உடனே வாருங்கள், இரண்டே நாளில் குணப்படுத்துகிறோம் என்றது விளம்பரம்.

இந்தச் சிரிப்பு போரை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை, செத்தவர்களைத் திருப்பித் தரவும் இல்லை. பிறகு எதற்கு? சேறு, எலி, மேலதிகாரியின் உத்தரவு... எதையும் மாற்றும் அதிகாரம் அந்த வீரர்களிடம் இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது மட்டும் அவர்கள் கையில் இருந்தது. 'எல்லாம் நன்றாகவே நடக்கிறது' என்று ஊர்ப் பத்திரிகைகள் எழுதியபோது, இந்தக் கேலி விளம்பரங்கள்தான் உண்மையைச் சொன்னன. சிரிக்க வேண்டுமானால் முதலில் நிலைமையை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டவனால் கேலி செய்ய முடியாது.

1918 நவம்பரில் போர் நின்றது. பத்திரிகை கடைசியாக வைத்துக்கொண்ட பெயர் 'பெட்டர் டைம்ஸ்'. நல்ல காலம்! அந்தப் பெயரில் இரண்டு இதழ்கள் போட்டுவிட்டு, டிசம்பரில் கடையை மூடிவிட்டார்கள்.