கம்பெனியின் கணக்கும் நம் பிள்ளைகளின் ஆய்வேடும்

எம்.ஏ. அரசியல் அறிவியல், கடைசி வருஷம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் நிலவரி நிர்வாகம் பற்றி எழுதப்போவதாகக் கொடுத்தேன். கைடு தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா? வரி, கணக்கு, சட்டம்னு இழுத்துக்கிட்டே போகும். உங்க ஆளுங்களப் பத்தி எழுது. ஊருக்குப் போயி நாலு பேரக் கேட்டா முடிஞ்சிடும்" என்றார்.

கூடப் படித்த தோழர் ஒருவர் தன் சேரியைப் பற்றியே எழுதுவது என்று உறுதியாக இருந்தார். அவருக்கு வாய்த்த கைடு வேறு மாதிரி. "சொந்தக் கதைய எல்லாம் ஆய்வுன்னு எப்படிப்பா ஒத்துக்கிறது? பொதுவான தலைப்பா எடு" என்று அவரைத் திருப்பி அனுப்பினார்.

நாட்டின் வரிக் கணக்கைக் கேட்டவனைச் சேரிக்குப் போ என்றார்கள். சேரியைக் கேட்டவனை அது ஆய்வே இல்லை என்றார்கள். எதை ஆராயலாம் என்று முடிவு செய்கிற உரிமை எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. ஆய்வேடு என்பது வெறும் பட்டத்துக்கான காகிதம் என்று நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். அது அப்படி இல்லை என்பதைச் சொல்ல, 1915ஆம் ஆண்டில் ஒரு மாணவர் கொடுத்த எம்.ஏ. ஆய்வேட்டின் கதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மாணவர் அம்பேத்கர்.

1913 பிப்ரவரியில் அவருடைய தந்தை ராம்ஜி இறந்துபோனார். அதே ஆண்டு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போனார். அப்போது அவருக்கு வயது 22. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்தால் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தில்தான் சாப்பாடு, புத்தகம், ஊரில் இருந்த குடும்பத்துக்கு அனுப்புவது எல்லாமே. நம் பிள்ளைகள் உதவித்தொகை எப்போது வரும் என்று பேங்க் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கதை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அவர் சேர்ந்தது கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே 1880இல் ஜான் பர்ஜஸ் என்பவர் முயற்சியில் தொடங்கிய அரசியல் அறிவியல் புலம் இருந்தது. அரசியல் என்று பெயர் இருந்தாலும் பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், பொதுச் சட்டம் எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. அரசைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் சட்டத்தையும் படிக்க வேண்டும், கஜானாவையும் படிக்க வேண்டும் என்ற பார்வை அது. அம்பேத்கரின் முதன்மைப் பாடம் பொருளாதாரம். மூன்றாண்டில் பொருளாதாரத்தில் 29 பாடம், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3 என்று எடுத்துப் படித்தார். பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மொத்தம் 60. பொதுநிதித் துறையில் பெயர் பெற்ற எட்வின் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி, மானுடவியலில் கோல்டன்வைசர் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள்.

1915 மே 15 தேதியிட்டு அவர் கொடுத்த எம்.ஏ. ஆய்வேடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. ('பண்டைய இந்திய வணிகம்' என்ற அவருடைய இன்னொரு கட்டுரையையும் எம்.ஏ. ஆய்வேடு என்று சொல்வதுண்டு. இங்கே நாம் பேசுவது கம்பெனி பற்றியதை.) ஜூனில் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு பரவலாகப் படிக்கக் கிடைத்தது 1989இல்தான், மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பின் ஆறாம் தொகுதியில்.

சின்ன நூல் அது. கம்பெனியின் முழு வரலாறும் அதில் கிடையாது. 1792 முதல் 1858 வரை என்று எல்லை கட்டிக்கொள்கிறார். கம்பெனியை யார் ஆண்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார்: பங்குதாரர்கள், இயக்குநர்கள், அவர்களுக்கு மேலே பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டு வாரியம். அடுத்து வருமானம் எங்கிருந்து வந்தது: ஜமீன்தாரி, ரயத்துவாரி என்று வகைவகையான நிலவரி, உப்பு, அபின், சுங்கம். பிறகு செலவு: ராணுவம், யுத்தம், கடனுக்கு வட்டி. குளம், கால்வாய், சாலை என்று ஜனங்களுக்குப் போனது எவ்வளவு என்று தேடினால் மிச்சம் கொஞ்சம்தான். கடைசியில் கடன் கணக்கு.

அந்தக் கடன் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். கம்பெனியின் கடன் யார் தலையில் விழுந்தது என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கடனும், கம்பெனிப் பங்குதாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய லாபப் பங்கும் இந்திய வருவாயின் மேலேயே ஏற்றப்பட்டன. நாட்டைப் பிடிக்க ஆன செலவும், பிடித்தவன் கைமாற்றிக் கொடுத்தபோது ஆன செலவும் இங்கே வரி கட்டினவன் தலையில். 24 வயது மாணவர் இதை ஆவேசப் பேச்சாக எழுதவில்லை. அட்டவணை போட்டு, தொகைகளைக் கூட்டிக் காட்டி எழுதினார். கோபம் இல்லாமல் இல்லை. கணக்குக்குப் பின்னால் நிற்கிறது.

இந்த ஆய்வேட்டில் தீண்டாமை எங்கே என்று நம் தோழர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அதில் தீண்டாமையைத் தேடினால் கிடைக்காது. அதனால் அவர் அதை ஒதுக்கினார் என்று சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1916 மே 9 அன்று, கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவரே படித்தார். அகமணமுறைதான் சாதியைக் கட்டிக்காக்கும் பொறி என்று அதில் நிறுவினார். ஆக, கம்பெனியின் கஜானாவையும் கேட்டார், சாதியின் அமைப்பையும் கேட்டார். 'உன் தலைப்பு இது மட்டும்தான்' என்று யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. எனக்கும் என் தோழருக்கும் மறுக்கப்பட்டது இதுதான்.

படிப்பு அவரைச் சாதியிலிருந்து காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1916இல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலக யுத்த காலம். அவர் தனியாக அனுப்பிய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் வேலை கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கி, தடியோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து தூக்கிப் போட்டார்கள் என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். கம்பெனியின் கோப்புகளைப் புரட்டி எடுத்தவர் கையில் ஒரு கோப்பைக் கொடுக்க பியூனுக்குத் தீட்டு.

அவர் ஆய்வை விடவில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்து, 1920இல் மறுபடியும் லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி. 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வு நூலானது. 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய நூல், செலிக்மன் முன்னுரையோடு வந்தது. அந்த நூல் எடுத்துக்கொண்ட காலம் 1833 முதல் 1921 வரை. 24 வயதில் கம்பெனியின் கணக்கில் பிடித்த நூலை அவர் அறுக்காமல் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதே ஆண்டு அரசின் நாணயக் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னார். அதற்கும் முன்னால், 1919 ஜனவரியில், வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன்னால் தீண்டப்படாதவர்களுக்கான பிரதிநிதித்துவத்தை எண்ணிக்கை வைத்து வாதாடினார். அரசிடம் பேசும்போது அரசின் காகிதத்தையே கையில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் அங்கேயும் தெரிகிறது.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அதே ஆண்டு ஜூன் 8 அன்று கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டத்தை வழங்கியது. போராட்டம் வேறு, படிப்பு வேறு என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இனி நம் பக்கம். சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி என்றால் பட்டாதாரர் நேரடியாக அரசுக்கு வரி கட்டுவது. வரி கட்டுகிறவன் பெயர் கணக்கில் ஏறும். அந்த நிலத்தில் பண்ணையாளாக, படியாளாக உழுதவன் பெயர் ஏறாது. அம்பேத்கர் விட்ட இடத்திலிருந்து நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. கணக்கில் வராதவன் எங்கே?

அவனைப் பற்றியும் அரசின் காகிதத்தில் ஒரு தடம் உண்டு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் கேட்டவர்களை மிராசுதாரர்கள் எப்படியெல்லாம் தடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1892இல், நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. பிறகு அந்த நிலம் பல ஊர்களில் மற்றவர் கைக்குப் போனது. பழைய காகிதத்தைத் தேடி எடுத்த பிறகுதான் மீட்புப் போராட்டம் வலுத்தது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். நூறு வருஷத்துக் காகிதம் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவன் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே தலைப்புத் தேடுகிற மாணவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஆண்டு எல்லை கட்டிக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றாக இருக்கட்டும், உலகத்தையே ஓர் எம்.ஏ. ஆய்வேட்டில் அடக்க வேண்டாம். உங்கள் தாலுகாவின் பழைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் இருக்கின்றன, போய் உட்காருங்கள். ஜனங்களையும் கேளுங்கள், பதிவேட்டில் இல்லாத பெயர்கள் அவர்கள் வாயில்தான் இருக்கும். உதவித்தொகை தாமதமானால் தனித்தனியாக நின்று கெஞ்சாதீர்கள், கூட்டாகப் போய்க் கேளுங்கள். ஐதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு ஏழு மாதத் தொகை வராமல் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நான் அன்று தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போய் நாலு பேரைக் கேட்டு எழுதினேன். பட்டம் வந்தது. அந்த ஆய்வேட்டை அதற்குப் பிறகு நான்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

போன வருஷம் எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி சினாப்சிஸோடு வந்தாள். எங்கள் தாலுகாவின் பஞ்சமி நிலம் பற்றியது. "அண்ணே, இது அரசியல் அறிவியலே இல்ல, வருவாய்த் துறை வேலைன்னு சொல்றாங்க. மாத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"மாத்தாத" என்றேன். ஆறாம் தொகுதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.