முகமே முழக்கமான கதை

விளையாட்டுத் திடலில் வீரர்க்கு ஊக்கமூட்ட எழும் ஆரவாரத்தை ஆங்கிலேயர் 'சியர்' என்பர். சோர்ந்தவரைத் தேற்றுவதற்கும் அவர்களிடம் இச்சொல்லே வழங்குகிறது. இன்று ஒலியோடு பிணைந்துவிட்ட இச்சொல், தோன்றிய காலத்தில் ஒலியையே குறிக்கவில்லை என்பது வியப்பிற்குரியது. அதன் முதற்பொருள் 'முகம்' என்பதாகும்.

பிற்கால இலத்தீன் மொழியில் முகத்திற்குக் 'காரா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல் இன்றளவும் அதே பொருளில் வழங்குகிறது. பழைய பிரெஞ்சு மொழியில் அது 'சியேர்' எனத் திரிந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் குடிபுகுந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் அன்றோ? முகத்தைக் குறித்த சொல் மெல்ல மனநிலையையும் குறிக்கலாயிற்று. அக்காலத்தில் நல்ல சியரும் உண்டு. வாடிய சியரும் உண்டு. நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. மகிழ்ச்சி என்னும் பொருளே நிலைத்தது. பிரெஞ்சு மொழியிலோ, நல்ல முகம் காட்டுதல் என்னும் பழந்தொடர் விருந்தோம்பலைச் சுட்டி, இன்று நன்கு உண்ணுதல் என்ற பொருளிலேயே வழங்குகிறது.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், புயலில் சிக்கிய கப்பலில் இருந்தோரைப் பவுல் தேற்றும் இடத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அங்கு முழக்கம் ஏதுமில்லை. திடங்கொள்ளுங்கள் என்னும் ஆறுதலே உண்டு.

முழக்கம் என்னும் பொருளை இச்சொல்லுக்குத் தந்தவர்கள் கடலோடிகள் எனலாம். 1720இல் டானியல் டீஃபோ எழுதிய 'கேப்டன் சிங்கிள்டன்' என்னும் புதினம், இவ்வாறு முழங்குவதை மாலுமிகளின் வழக்கு என்றே சுட்டுகிறது. ஒரு கப்பலில் நிற்பவரின் முகம் மறுகப்பலில் உள்ளோர்க்குத் தெரியாது; குரல்தான் எட்டும். முகம் செய்த பணியைக் குரல் ஏற்றது அதனால்தானோ என எண்ணத் தோன்றுகிறது.

1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் ஜானி கேம்பெல், கால்பந்தாட்டத்தின்போது பார்வையாளர் முன்நின்று அவர்களை ஒருசேர முழங்கச் செய்தார். தனி மனிதரின் முகத்தில் இருந்த சொல் இவ்வாறு கூட்டத்தின் வாய்க்குச் சென்று சேர்ந்தது.

வெற்றி பெறும் வீரனுக்கு ஊரே கூடி முழங்கும். தோற்று வீடு திரும்புபவனுக்கோ முழக்கம் பயன்படாது. வாசலில் அவனை எதிர்கொள்ளும் மலர்ந்த முகம் ஒன்றே வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இச்சொல் ஆங்கிலத்தினுள் நுழைந்தபோது சுமந்து வந்த பொருளும் அதுவே.