பக்கத்து ஊர், வேறு பாதை: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

வரலாறு என்றால் ராஜா, போர், பட்டாபிஷேகம் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். பக்கத்து ஊர் எப்படிச் சம்பாதித்தது, அந்தப் பணத்தை என்ன செய்தது என்று யாரும் பரீட்சையில் கேட்கவில்லை. ஆனால் நம்மில் பலருக்கு வேலை, படிப்பு, கல்யாணம் என்று எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தக் கணக்குதான். முன்னாள் மாணவர் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டதும், இந்தக் கணக்கையே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் வத்திராயிருப்பு பக்கம் வ. புதுப்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஒருவர் மஞ்சப்பையோடு பஸ்ஸுக்கு நின்றால், "எங்க மாமா, வில்லிபுத்தூருக்கா, ராஜபாளையத்துக்கா?" என்று கேட்பார்கள். வில்லிபுத்தூர் என்றால் கோர்ட், தாலுகா ஆபீஸ், கோயில். ராஜபாளையம் என்றால் மில், வேலை, வியாபாரம். இரண்டுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் சுமார் 75 ஆயிரம் பேர். பழைமையில் மூத்த ஊர் எது என்று யாருக்கும் சந்தேகமில்லை. பிறகு இளையவர் மூத்தவரை முந்தியது எப்படி?

ஒரே மழை, ஒரே ரயில்

முதலில் எது காரணம் இல்லை என்று பார்த்துவிடுவோம்.

இரண்டு ஊருக்கும் மேற்கே அதே மலைத்தொடர். இரண்டும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. இரண்டுக்கும் கண்மாய்ப் பாசனம், கிணற்றுப் பாசனம். 1910 வரை இரண்டும் திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இரண்டும் சேர்ந்தே அதற்குப் போயின. 1985-ல் பிறந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் சேர்ந்தே வந்தன. விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல் திறந்தபோது இரண்டு ஊரிலும் ஸ்டேஷன் வந்தது. இன்னும் சொல்லப்போனால் ராஜபாளையம் வெகுகாலம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள் இருந்த ஊர். பட்டா மாற்ற வேண்டுமென்றால் ராஜபாளையத்துப் பணக்காரரும் வில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆக, மண்ணும் மழையும் சர்க்காரும் ரயிலும் வித்தியாசம் பார்க்கவில்லை.

கோயிலும் கோர்ட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் செல்வம் வெளியிலிருந்து தினமும் நடந்து வரும் செல்வம். ஆண்டாளையும் வடபத்ரசாயியையும் சேவிக்க வருகிறவர்கள், ஆடிப்பூரத் தேருக்கு வருகிறவர்கள், வழக்குக்கு வாய்தா வாங்க வருகிறவர்கள். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் ஆனாலும் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். கோயிலைச் சுற்றி பூக்கடை, ஓட்டல், சத்திரம். கோர்ட்டைச் சுற்றி வக்கீல், குமாஸ்தா, பத்திரம் எழுதுகிறவர். இவர்களுக்குப் பின்னால் நிலச் சொந்தக்காரர்கள்.

இந்த ஊருக்குக் கூட்டு முயற்சி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் அது ஒன்று. மில் என்ற பேச்சே இந்தப் பக்கம் இல்லாத காலத்தில், ஊர்ப் பொதுவில் புத்தகம் வாங்கி வைத்த ஊர் அது. ஆனால் அங்கே சேர்ந்த பணம் பெரும்பாலும் நிலத்துக்கும் படிப்புக்கும் போயிற்று. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார்கள். நிலம் ஊரிலேயே இருந்தது. ஆனால் நிலம் புதிதாக இன்னொரு தொழிலைப் பெற்றுப் போடாது.

பஞ்சு நூலான கதை

ராஜபாளையத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் விவசாயிகளாகவே வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி தமிழகத்தில் பரவியது. கிணறு உள்ளவர்களுக்கு அது நல்ல பணப்பயிர். பிறகு 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்தது. நிலத்தில் போட்ட பணமும் வட்டிக்கு விட்ட பணமும் திரும்பவில்லை. கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருந்தவன் "இதை எங்கே போடுறது?" என்று யோசிக்க வேண்டிய நேரம். அதே சமயத்தில் வெளிநாட்டுத் துணிக்கும் நூலுக்கும் இறக்குமதி வரி ஏறியது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, தமிழகத்தில் ஆலைத் தொழிலுக்கு மின்சாரம் கிடைக்க வழி பிறந்தது.

இந்த வாய்ப்பைப் பிடித்தவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894-1962). 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியாகப் பதிவானது. 1938-ல் நூல் வந்தது. மில் வைப்பது ஒருவர் பணத்தில் ஆகிற காரியம் இல்லை. பங்குப் பத்திரம் என்றால் என்னவென்றே தெரியாத விவசாயிகளிடம் பேசி, அவர்களைப் பங்குதாரர்களாக்க வேண்டியிருந்தது. நிலப் பத்திரத்தைக் கண்ணில் காட்டினால் நம்பலாம். வரப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. ஷேர் பத்திரத்துக்கு வரப்பு கிடையாது. கேட்டவர் மீதிருந்த நம்பிக்கைதான் அதற்கு வரப்பு.

அதற்குப் பிறகு ஒன்று இன்னொன்றைப் பெற்றது. 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. அந்த ஆண்டே உலகப்போர் மூண்டது; மருத்துவப் பஞ்சுக்குத் தேவை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓடுகிற வீடுகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அது வெளிநாடுகளுக்கும் போகிறது. 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பதிவாகி, விருதுநகர் அருகே ராமசாமி ராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் சிமெண்ட் உற்பத்தியானது. மில் பழுது பார்க்கக் கற்ற பையன் ஒர்க் ஷாப் வைத்தான். பஞ்சு ஏற்றிய லாரிக்காரர் இன்னொரு லாரி வாங்கினார். 1973-ல் ராஜுக்கள் கல்லூரி வந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். பணமும் பொறுப்பும் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி வந்தன.

இது ஜாதிக் குணமா?

"அவங்க ரத்தத்துலயே வியாபாரம் இருக்குப்பா" என்று டீக்கடையில் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதே ரத்தம் பல தலைமுறை ஏர் உழுதது. அப்போது மில் வரவில்லையே? இன்னொரு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. வானம் பார்த்த பூமியான சிவகாசியிலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, லேபிள், அச்சகம் என்று அந்த ஊர் வளர்ந்தது. ஜாதி வேறு, தொழில் வேறு. ஆனால் பாதை ஒன்று. நெருக்கடி நேரத்தில் ஒரு சிலர் புதிதாக ஒன்றைக் கற்றார்கள். சுற்றியிருந்தவர்கள் அவர்களை நம்பினார்கள். லாபம் திரும்ப ஊருக்குள் முதலீடாயிற்று. சொந்தச் சமூகத்துக்குள் அந்த நம்பிக்கை சுலபமாகக் கிடைத்தது என்பது உண்மை. அதன் மறுபக்கம், வெளியில் இருந்தவர்கள் கூலிக்காரர்களாகவே நின்றார்கள் என்பதும் உண்மை. வளர்ச்சியைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கிரிக்கெட்டில் ஒரே அணி

இந்தப் புதிர் நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து ஒரு ஜோடியைப் பார்ப்போம். சோபர்ஸ் பிறந்த பார்படாஸும் மைக்கேல் ஹோல்டிங் பிறந்த ஜமைக்காவும் நமக்கு வெஸ்ட் இண்டீஸ் என்ற ஒரே அணியாகத்தான் தெரியும். ஆனால் அவை தனித்தனி நாடுகள். இரண்டும் கரும்புத் தோட்டத் தீவுகள். இரண்டிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் வியர்வை. இரண்டிலும் ஆங்கிலேயர் சட்டம், ஆங்கிலேயர் பள்ளி. 1958-ல் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. 1962-ல் அது கலைந்தது. அந்த ஆண்டே ஜமைக்கா விடுதலை பெற்றது, பார்படாஸ் 1966-ல்.

பார்படாஸ் மிகச் சின்னத் தீவு. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். ஜமைக்கா அதைப்போல் 25 மடங்கு; போதாததற்கு பாக்சைட் தாது வேறு. யார் முந்துவார்கள் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நாம் ஜமைக்கா மீதுதான் கட்டியிருப்போம். நடந்தது வேறு. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது ஜமைக்கா அரசு வரவுக்கு மேல் செலவு செய்து கடனில் விழுந்தது. 1969-ல் வெளியானபோது அமெரிக்க டாலரைவிட மதிப்புக் கூடியிருந்த ஜமைக்கா டாலர், இன்று ஒரு அமெரிக்க டாலருக்கு 150-க்கு மேல் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. பார்படாஸ் 1975-ல் தன் நாணயத்தை ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு என்று கட்டியது. இன்றும் அதே விலைதான். 1991 நெருக்கடியில் அரசு ஊழியர் சம்பளத்தை 8 சதவீதம் குறைத்தது. தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. ஆனால் 1993-ல் அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, விலைவாசிக்கும் சம்பளத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். இன்று பார்படாஸின் தலா வருமானம் ஜமைக்காவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கதை அத்தோடு முடியவில்லை. ஜமைக்காவின் கடன் 2013 வாக்கில் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் ஒன்றரை மடங்கை நெருங்கியபோது, அவர்களும் பார்படாஸ் மாதிரி ஒரு கூட்டு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பத்தாண்டில் அந்தச் சுமை ஏறத்தாழப் பாதியாயிற்று. நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த பார்படாஸ் மெல்லக் கடன் ஏற்றிக்கொண்டு, 2018-ல் கடன்காரர்களுக்குப் பணம் கட்ட முடியாமல் நின்றது. முந்தியவன் எப்போதும் முந்தியவனாகவே இருப்பான் என்று எந்தத் தலையிலும் எழுதவில்லை.

நம் காலத்துக் கணக்கு

நம் ஊர்க் கதையிலும் அதே திருப்பம் உண்டு. நூல் விலையும் பஞ்சு விலையும் ஆடுகிற ஆட்டத்தில் நூற்பாலைத் தொழில் முன்போல் நிம்மதியாக இல்லை. புது இயந்திரங்களுக்குப் பழைய அளவு ஆள் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கோ 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவாவைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கோயிலுக்கு வருகிறவர் வாங்கிப்போகும் ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் சுற்று வட்டாரக் கிராமத்து மாட்டுத் தொழுவம் இருக்கிறது. வெளியூர்ப் பணம் வில்லிபுத்தூரில் நிற்காமல், பால் ஊற்றுகிற பெண்கள் கை வரை வருகிறது. கோயில் ஊர் தனக்குப் பொருத்தமான ஒரு தொழிலைப் பால் பானையிலிருந்தே கண்டுபிடித்துக்கொண்டது.

எங்கள் புதுப்பட்டிப் பக்கம் நெல்லும் தென்னையும் உண்டு. பிலவக்கல் அணைத் தண்ணீர் உண்டு. இன்றைக்கு ரொக்கமும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது? ரோட்டோரம் கல் நட்ட பிளாட்டுக்கும் நகைக்கடைக்கும். 1930-களில் வரப்பில்லாத பத்திரத்தை நம்பிய அதே வட்டாரம், இன்று வரப்புக் கல்லைத் தவிர எதையும் நம்புவதில்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. 1990-களில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்ததை நம் தலைமுறை மறக்காது. ரிட்டயர்மென்ட் பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் எல்லாம் போயிற்று. 1997-ல் டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. "கூட்டுன்னாலே வேண்டாம்ப்பா" என்கிற பேச்சு அந்த அடியிலிருந்து வந்தது. ஒரு மில் மூடினால் இன்னொன்று கட்டலாம். மனுஷன் மேல் மனுஷன் வைத்த நம்பிக்கை போனால் அதைக் கட்ட ஒரு தலைமுறை ஆகிறது. ஜமைக்காவுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயிற்று.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரலாறு, பொருளாதாரம் படிக்கிறவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி எங்கெங்கோ அலைய வேண்டாம். உங்கள் தாத்தா பெட்டியில் பழைய ஷேர் பத்திரம் இருக்கலாம். பால் ஊற்றுகிற அத்தையிடம் கணக்கு நோட்டு இருக்கலாம். அவற்றைப் படியெடுங்கள். யார் யாரை நம்பி எவ்வளவு கொடுத்தார்கள், திரும்ப என்ன வந்தது என்று கேட்டு எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. ஊருக்கு ஒரு தேங்காய் எண்ணெய்ச் செக்கோ, பால் பதப்படுத்தும் கூடமோ நாலு பேர் சேர்ந்து தொடங்குவதாக வந்து கேட்டால், முதல் கேள்வியாக "லாபம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கணக்கை யார் எழுதுவார்கள், யார் தணிக்கை செய்வார்கள், எனக்கு எப்போது காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் ஒரு பங்கு போடுங்கள். நம் சங்கமும் ஒரு கூட்டுப் பணம்தான். பொருளாளர் வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது காபிக்கு எழுந்து போகாமல், உட்கார்ந்து கேட்டு, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவோம். பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.