எரிந்த கடிதங்களும் எஞ்சிய நட்பும்

உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஓர் ஆணும் பெண்ணும் மனம்விட்டுப் பழகக் கண்டால், அது நட்பா, காதலா என்று ஊர் கேட்கிறது. விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையோ அதற்கு இல்லை. தானே ஒரு விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வரலாற்று மாணவனுக்கும் இதே கேள்வி எழுவதுண்டு. ஆனால் அவன் சான்றுகளைத் தேடியாக வேண்டும். அவ்வாறு தேடுவதற்குத் தக்கதொரு நட்பு, புனித பிரான்சிஸ் சலேசியாருக்கும் ஷாந்தால் அம்மையாருக்கும் இடையே மலர்ந்த நட்பாகும்.

தொன் போஸ்கோ தம் சபைக்குச் சூட்டிய பெயரின் வழியாகச் சலேசியாரை நாம் அறிவோம். 1567-இல் பிறந்த அவர், 1602-இல் ஜெனீவாவின் ஆயரானார். அந்நகரம் கால்வினியர் வசம் இருந்தமையால் அன்னெசியில் தங்கிப் பணியாற்றினார். ஷாந்தால் அம்மையார் 1572-இல் பிரான்சின் திஜோன் நகரில் பிறந்தவர். உயர் நீதிமன்றத் தலைவர் ஒருவரின் மகள். 1601-இல் வேட்டையின்போது தவறுதலாகப் பாய்ந்த குண்டுக்கு அவருடைய கணவர் பலியானார். இருபத்தெட்டு வயதில் நான்கு குழந்தைகளோடு அவர் கைம்பெண் ஆனார்.

1604-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஆயர் திஜோனில் மறையுரையாற்ற வந்தார். அம்மையார் தம் நாற்காலியை மறையுரை மேடைக்கு நேர் எதிரே போடச் செய்தார். ஆயரும் அவரைக் கவனித்தார். யார் அந்தக் கைம்பெண் என்று பூர்ஷ் நகரப் பேராயரிடம் வினவினார். அப்பேராயர் அம்மையாரின் உடன்பிறந்தவரே! காதல் கதை எழுத விரும்புவோருக்கு இந்தத் தொடக்கமே போதும். ஆனால் அடுத்து நடந்ததையும் நாம் பார்க்க வேண்டும்.

அம்மையாருக்கு முன்னரே ஓர் ஆன்ம வழிகாட்டி இருந்தார். அவர் அம்மையாரை நான்கு வாக்குறுதிகளால் கட்டியிருந்தார்: தமக்கே கீழ்ப்படிய வேண்டும், தம்மைவிட்டு வேறொருவரை நாடலாகாது, தாம் சொல்வதை வெளியிடலாகாது, தம் ஆன்ம நிலையைப் பிறரிடம் பேசலாகாது. இவ்வாக்குறுதிகள் செல்லத்தக்கவை அல்ல என்று கூறி ஆயர் அவரை விடுவித்தார். பின்னர் அவருக்கு எழுதிய கடிதங்களில் உள்ள உரிமையையும் அன்பையுமே வலியுறுத்தினார். இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. முதல் வழிகாட்டி அவரைத் தமக்கென்று பூட்டி வைத்தார். இரண்டாமவர் பூட்டைத் திறந்தார். முதல்வரிடம் காதல் இருந்ததாக யாரும் கூறவில்லை. எனினும், பிறரை உடைமையாக்கிக் கொள்ளும் போக்கு அவரிடமே இருந்தது.

இந்நட்பு மறைவிலும் வளரவில்லை. ஆயரின் இளைய தங்கை அம்மையாரின் பராமரிப்பில் இருந்தபோது 1607-இல் இறந்தார். 1609-இல் ஆயரின் தம்பி அம்மையாரின் மூத்த மகளை மணந்தார். 1610 ஜூன் 6-ஆம் நாள், மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயர் தாங்கிய துறவற சபை அன்னெசியில் பிறந்தது. உடல் நலம் குன்றியோரும் கைம்பெண்களும்கூட அதில் சேர இடமிருந்தது. ஆயர் இறந்தபோது அச்சபைக்குப் பதின்மூன்று இல்லங்கள் இருந்தன. அம்மையார் இறந்தபோதோ எண்பதுக்கும் மேற்பட்டவை. இருவர் மட்டும் தங்களுக்குள் கண்டு மகிழும் உறவு இவ்வாறு பிறருக்கு வீடாவது அரிது.

ஆயர் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில் நட்புக்கெனப் பல அதிகாரங்களை ஒதுக்கினார். நச்சுச் செடியிலிருந்து எடுத்த ஹெராக்ளியாத் தேனின் உவமை அங்கே வருகிறது. அது நல்ல தேனைவிட நாவுக்கு அதிகம் இனிக்கும். உண்டவரின் தலையைச் சுழற்றும். போலி நட்பும் அத்தகையது என்கிறார். அளவுமீறிய இன்சொல்லும் அழகைப் புகழ்தலும் அதன் அடையாளங்கள். தூய நட்போ எளிமையாகப் பேசும். நல்லோர் முன்னிலையில் மறையாது நிற்கும். உலகில் வாழும் பொதுநிலையினருக்கு நட்பு தேவையே என்றும் அவர் எழுதினார். அஞ்சி ஒதுங்குமாறு அவர் அறிவுரை கூறவில்லை, பகுத்துணருமாறே கூறினார்.

ஆயினும் இங்கு ஒரு தடை எழுகிறது. ஆயரின் கடிதங்களில் பாசம் பொங்கி வழிகிறது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துப் படிப்பவர், இது காதல் மடலே என்று கூறிவிடக்கூடும். அக்காலக் கடித மரபு அது என்று சொல்லி மழுப்புவது நேர்மையாகாது. அவர் அம்மையாரை உண்மையிலேயே ஆழ்ந்து நேசித்தார். அம்மையாரும் அவரை நேசித்தார். அந்த நேசம் எதை நாடியது என்பதே கேள்வி.

அதற்கான விடையை 1616-ஆம் ஆண்டு மே மாதத்தில் காண்கிறோம். அம்மையார் அன்னெசியில் ஆண்டுத் தியானத்தில் இருந்தார். ஆயர் நோயுற்றிருந்தார். இருவரிடையே சிறு கடிதங்கள் சென்று வந்தன. தம்மீது கொண்டுள்ள சார்பையும் விட்டுவிட்டு, வெறுமையாக இறைவன் முன் நிற்குமாறு ஆயர் கேட்டுக்கொண்டார். அது அம்மையாருக்குப் பெருவலியைத் தந்தது, ஆயினும் இசைந்தார். தன்னைத் தேடி வரும் அன்பைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அதைத் தன்னைக் கடந்து செல்லும்படி அனுப்பியவரை எப்பெயரால் அழைப்பது?

1622 டிசம்பரில் லியோன் நகரில் இருவரும் சந்தித்தனர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் காணாதிருந்தவர்கள். அம்மையார் தம் உள்ளத்தைத் திறக்க விரும்பினார். முதலில் சபைக் காரியங்களைப் பேசுவோம். உள்ளத்தைப் பற்றி அன்னெசியில் பேசலாம் என்றார் ஆயர். அந்த அன்னெசிச் சந்திப்பு நிகழவேயில்லை. டிசம்பர் 28-ஆம் நாள், அதே நகரில், சபை இல்லத்துத் தோட்டக்காரர் குடிசையில் ஆயர் உயிர் நீத்தார்.

அம்மையார் எழுதிய கடிதங்களை ஆயர் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அவை அம்மையாரிடமே திரும்பி வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் நெருப்பிலிட்டார். ஆயரின் கடிதங்களையோ தொகுத்து 1626-இல் அச்சேற்றினார். இதனால் ஒரு குரல் மட்டுமே நமக்கு நிறைவாகக் கேட்கிறது. எரித்ததால் மறைக்க ஏதோ இருந்தது என்று ஐயப்படுவோர் உண்டு. தன் ஆன்மாவின் இருளை ஊரார் கையில் கொடுக்க எந்தப் பெண் விரும்புவாள் என்று கேட்பதும் நியாயமே. சாம்பல் இருபுறமும் சாட்சி சொல்வதில்லை. எஞ்சிய வாழ்க்கையே சாட்சி சொல்லும்: விடுதலை தந்த தொடக்கம், வெளிச்சத்தில் நடந்த பழக்கம், பலருக்குப் பயன்பட்ட பணி, விட்டுக்கொடுத்த முடிவு.

அம்மையார் 1641 டிசம்பர் 13-ஆம் நாள் மரித்தார். ஆயர் 1665-லும், அம்மையார் 1767-லும் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். அன்னெசியின் ஒரே ஆலயத்தில் இருவரின் திருவுடல்களும் வைக்கப்பட்டுள்ளன.

நம் பங்கிலும், அலுவலகத்திலும், ஏன், நம் இல்லத்திலேயே இத்தகைய கேள்வி எழலாம். அப்போது ஒரு பார்வையையோ ஒரு கடிதத்தையோ கொண்டு தீர்ப்பிட வேண்டாம். அந்த உறவு இருவரையும் சுதந்திரர் ஆக்குகிறதா, பிறர்முன் முகம் காட்டுகிறதா, பிரிவு தேவைப்பட்டால் அதைத் தாங்குகிறதா என்று காலம் கொடுத்துக் கவனிப்போம். நம் சொந்த நட்புகளையும் இதே அளவுகோலால் அளப்போம். அது கடினமான வேலை. ஆயினும் அங்கிருந்து தொடங்குவதே முறை.