சானெட் என்னும் சிற்றோசை

சானெட் என்றதும் 14 அடி, காதல், ஷேக்ஸ்பியர் மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும். சொல்லின் வேரில் இந்த மூன்றுமே இல்லை. ஒலியைக் குறிக்கும் 'சோனுஸ்' என்ற லத்தீன் சொல், தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் பாட்டைக் குறிக்கும் 'சோன்' ஆயிற்று. அதன் செல்ல வடிவம் 'சோனெத்'. சின்னப் பாட்டு, சிற்றோசை, அவ்வளவுதான் பொருள். இத்தாலியர் அதைச் 'சோனெத்தோ' ஆக்கினார்கள்.

14 அடி என்ற உடம்பு அதற்குச் சிசிலியில் கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் பத்திரம் எழுதும் அலுவலராக இருந்த ஜாக்கோமோ தா லெந்தீனியே இதை உருவாக்கியவர் என்று கொள்கிறார்கள். முதலில் எட்டடி, பிறகு ஆறடி. இரண்டுக்கும் நடுவே எண்ணம் திசை மாறும். அதை 'வோல்தா', அதாவது திருப்பம், என்பார்கள். காதல் சானெட்டில் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். மரமும் காற்றும் பூவும் திருப்பத்துக்கு முன் எங்கே நிற்கின்றன, பின் எங்கே போகின்றன என்று பார்த்தால், காதலர் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்துவிடும்.

இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்காவிடம் இதைத் துல்லியமாகக் காணலாம். 1327 ஏப்ரல் 6 அன்று அவிஞோன் நகரத்துப் புனித கிளாரா தேவாலயத்தில் தம் காதலி லௌராவை முதன்முதலில் கண்டதாகத் தம் கைப்பட எழுதி வைத்தார். 1348இல் அதே ஏப்ரல் 6ஆம் நாள் அவள் இறந்தாள் என்பதும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. 'கன்சோனியேரே' தொகுப்பின் 366 பாக்களில் 317 சானெட்டுகள். அவற்றில் அவள் பெயர் பெரும்பாலும் ஒளிந்தே வருகிறது. இத்தாலியில் 'ஔரா' என்றால் இளங்காற்று. முன்னே சுட்டு சேர்ந்தால் அது 'லௌரா' ஆகிவிடும். 'லௌரோ' என்பது லாரல் மரம். அதன் இலைமுடியைத்தான் 1341இல் ரோமில் கவியரசராக அவர் சூடிக்கொண்டார். சுட்டையும் பெயரையும் பிரித்துக் காட்டும் குறி அன்றைய இத்தாலிய எழுத்தில் வழக்கில் இல்லை. ஆகவே ஏட்டில் காற்றுக்கும் காதலிக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. 90ஆம் பாவில் அவள் பொற்கூந்தலைக் கலைப்பது காற்று. காதால் கேட்பவருக்கு அது அவள் பெயராகவும் ஒலிக்கும். சொல் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஆளைத் தொட முடியாதவன்மேல் அவள் பெயராவது வந்து படுகிறது.

35ஆம் பாவில் மனிதர் கண்ணில் படாமலிருக்க ஆளற்ற வெளிகளில் மெல்ல நடக்கிறார். ஆனாலும் மலைக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் அவர் மனம் தெரிந்துவிடுகிறது. திருப்பம் தாண்டியும் நிலம் விலகுவதில்லை. இறுதிவரை கரடுமுரடான பாதைகள், கூட நடந்து பேசக் காதல் தெய்வம் ஒன்றுதான். அவள் அருகில் வரவே போவதில்லை. அதனால் இயற்கையும் அவரை விட்டுப் போவதில்லை.

இங்கிலாந்துக்குப் போனதும் சொல் கட்டுத் தளர்ந்தது. சின்னக் காதற்பா எதுவும் அங்கே சானெட்தான். 14 அடியுள்ளதை மட்டுமே அப்படி அழைப்பேன் என்று 1575இல் கவிஞர் ஜார்ஜ் காஸ்கோயின் எழுத வேண்டியிருந்தது. பலன் பெரிதாக இல்லை. ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் இறந்தபின் 1633இல் அச்சான அவர் நூலிலிருந்து எடுத்து, 'பாடல்களும் சானெட்டுகளும்' என்ற பெயரில் பின்னர் தொகுக்கப்பட்ட காதற்பாக்களில் முறையான சானெட் என்று சொல்லத்தக்கது இல்லை.

தமிழுக்கு இந்த வடிவத்தை அழைத்து வந்தவர் பரிதிமாற்கலைஞர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார்தான் அவர். அவர் நூலின் பெயர் 'தனிப்பாசுரத் தொகை'. ஜி. யு. போப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஓசையைக் குறித்த சொல்லுக்கு ஈடாக, ஓதிப் பாடுவதற்குரிய 'பாசுரம்' வந்தது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு.

காதலருக்கு இடையிலுள்ள தூரத்துக்குத் திரும்புவோம். சிலியின் கவிஞர் பாப்லோ நெரூதா 1959இல் தம் காதலி மத்தில்தே உருத்தியாவுக்கு நூறு காதல் சானெட்டுகளை எழுதினார். காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு பகுதிகள். பழைய கவிஞர்களின் எதுகை வெள்ளியாகவும் பளிங்காகவும் ஒலித்தது, என் சானெட்டுகள் மரத்தால் ஆனவை என்று முன்னுரையில் காணிக்கையாக்குகிறார். எதுகையை அவர் பெரும்பாலும் கைவிட்டதற்கு அதுவே காரணம். மழையும் காடும் சூழ்ந்த தெமூகோவில் வளர்ந்தவருக்கு மரம் வெறும் உவமையன்று.

17ஆம் சானெட்டை அடியடியாகப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே ரோஜாவும் புஷ்பராகமும் மறுக்கப்படுகின்றன. அடுத்த நான்கடியில் பூக்காத ஒரு செடி வருகிறது. பூவின் ஒளியைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கும் செடி. மண்ணிலிருந்து எழுந்த வாசம் அவர் உடலுக்குள் இருளில் வாழ்கிறது. பெத்ரார்க்காவின் காற்று வெளியே வீசியது, இங்கே செடி உள்ளே இறங்கிவிட்டது. பிறகு திருப்பம். கடைசி ஆறடியில் செடியும் இல்லை, பூவும் இல்லை. ஒரு கை, ஒரு மார்பு, மூடும் கண்கள் மட்டுமே. அவள் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாள். இடையில் நிற்க எதற்கும் இடமில்லை.

இரவுப் பகுதியின் 89ஆம் சானெட்டில் அவர் தம் சாவை நினைக்கிறார். தூரம் மறுபடி திறந்துகொள்கிறது, உடனே காற்றும் கடல் வாசமும் மணலும் திரும்பி வருகின்றன. ஆனால் இம்முறை அவை அவருடைய ஏக்கத்தைச் சுமக்க வரவில்லை. தமக்கு இனிக் கிடைக்காத அவற்றை அவள் தொடர்ந்து அனுபவிக்க வேண்டும் என்று அவளிடமே ஒப்படைக்கிறார்.