சவவண்டிக்குக் கூட்டுச் சேர்ந்த ஊர்கள்

புதுச்சேரிக்காரர்களுக்குக் 'கொம்யூன்' பழகிய சொல். பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தாம். 1880-இல் பிரெஞ்சு அரசின் ஆணையோடு கப்பலேறி வந்த சொல் அது. அது பிறந்த மண்ணில், அதற்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு பிடிவாதம் இருக்கிறது.

1789 பிரெஞ்சுப் புரட்சியின்போது, நாட்டைச் சீராகக் கூறுபோட்டுச் சுமார் 6,500 பெரிய கொம்யூன்களாக அமைக்கலாம் என்றார் தேசிய மன்ற உறுப்பினர் தூரே. சக உறுப்பினர் மிராபோ மறுத்தார். மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் ஊராகவே இருக்கட்டும் என்ற கட்சிதான் வென்றது. ஏறத்தாழ 44,000 கொம்யூன்கள் பிறந்தன. நூறு பேர் வாழும் குக்கிராமத்துக்கும் மேயர், மன்றம், முத்திரை. பெருமைதான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்கும் விளக்குக்கும் பணம் கட்டப் பெருமை உதவாது.

1884-இன் நகராட்சிச் சட்டம் பக்கத்து ஊர்கள் கூடிப் பேச வழி செய்தது. பேசலாம், அவ்வளவே. பொதுவில் கடன் வாங்கவோ ஒப்பந்தம் போடவோ ஓர் அமைப்பு இல்லை. 1890 மார்ச் 22-ஆம் தேதிச் சட்டம்தான் அந்த அமைப்பைத் தந்தது: 'சாந்திக்கா', அதாவது கொம்யூன்களின் கூட்டமைப்பு. ஒரு கூட்டமைப்புக்கு ஒரே வேலை. சேரும் மன்றங்கள் அனைத்தும் சம்மதிக்க வேண்டும். பெரிய ஊரோ சிற்றூரோ, ஆளுக்கு இரண்டு பிரதிநிதிகள். பெரிய ஊர் தன்னை விழுங்கிவிடும் என்ற சிற்றூரின் பயத்துக்குச் சட்டம் கொடுத்த மருந்து இது. மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. ஒரே ஒரு மன்றம் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுவிடும்.

இந்தச் சட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் பாரிஸ் புறநகர் மேயர்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதுமே, எரிவாயு நிறுவனத்தோடு தனித்தனியே மல்லுக்கட்டாமல் ஒன்றாகப் பேரம் பேச அணி திரண்டார்கள். அடுத்தது சாவுச் செலவு. சவப்பெட்டி, சவவண்டி, தூக்கும் ஆட்கள் ஆகியவற்றுக்கான ஏகபோக உரிமை அதுவரை தேவாலய நிர்வாகங்களிடம் இருந்தது. 1904 டிசம்பரில் ஒரு சட்டம் அதைப் பிடுங்கிக் கொம்யூன்களின் கையில் கொடுத்தது. மதத்துக்கும் அரசுக்கும் நடந்த சண்டையில் மேயர்களுக்குக் கிடைத்த வினோதப் பரிசு! மாதத்துக்கு நாலைந்து சாவு விழும் ஊர், குதிரையும் வண்டியும் வைத்துக் கட்டுப்படியாகுமா? 1905-லேயே புறநகர் ஊர்கள் இறுதிச் சடங்குக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. அது இன்றும் இயங்குகிறது.

1923-இல் தண்ணீரின் முறை. சேன், மார்ன், வாஸ் ஆறுகளின் நீரைச் சுத்திகரித்து வழங்க அந்த ஆண்டு தொடங்கிய கூட்டமைப்பு இன்று சுமார் 40 லட்சம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. நாட்டுப்புறத்தில் ஊர்களை ஒன்றுசேர்க்கும் வேலையை மின்சாரம் செய்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வயல்களுக்கு நடுவே கம்பம் நட்டவை பெரும்பாலும் கிராமக் கூட்டமைப்புகளே. விளக்கு எரிய வேண்டுமென்றால் பக்கத்து ஊர்க்காரனோடு பேசித்தானே ஆக வேண்டும்.

எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதி 1959-இல் தளர்ந்தது. பெரும்பான்மை போதும், ஒரே அமைப்பு பல வேலைகளையும் பார்க்கலாம் என்றாயிற்று. 1966-இல் பாரிஸ் அரசின் பொறுமை தீர்ந்தது. போர்தோ, லீல், லியோன், ஸ்ட்ராஸ்பூர் ஆகிய நான்கு நகரங்களும் தம் சுற்றூர்களோடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. எழுபது ஆண்டுகள் கெஞ்சிக் கூத்தாடி நடக்காதது கட்டாயத்தில் நடந்தது என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கூட்டாக வேலை பார்க்கும் பழக்கத்தை அந்தப் பழைய ஒற்றை வேலைக் கூட்டமைப்புகள் ஏற்கெனவே ஊட்டியிருக்காவிட்டால், கட்டாயம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

பழக்கம் இல்லாத இடத்தில் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு 1971 சாட்சி. ஊர்களையே ஒன்றாக்கிவிடலாம் என்று அரசு அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குப்பையையும் குழாயையும் பகிர்ந்துகொண்ட ஊர்கள் பெயரைப் பகிர மறுத்தன. இணைந்தவை மிகச் சிலவே. 1992, 1999 சட்டங்கள் மறுபடி கூட்டு வழிக்கே திரும்பின; வரி வருவாயையும் பொதுவாக்கிக்கொள்ள ஊக்கம் தந்தன. கொம்யூன்களின் எண்ணிக்கை இன்றும் 34,000-க்கு மேல். அவற்றுள் ஆறு, முதல் உலகப் போரில் வெர்தன் அருகே தரைமட்டமான கிராமங்கள். அங்கே ஒருவரும் வசிப்பதில்லை, வாக்காளரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மேயர் பொறுப்பில் ஒருவரை அரசு இன்றுவரை நியமித்து வருகிறது.