கப்பலில் ஒரு குடம் நன்னீர்



கூழானாலும் குளித்துக் குடி என்பது நம் நாட்டுப் பழமொழி. உண்பது எளிய கூழேயாயினும், உடலைத் தூய்மை செய்துகொண்ட பிறகே உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. ஊரில் இருப்பவனுக்கு இது எளிதில் பொருந்தும். ஆனால் நடுக்கடலில் கப்பலேறிச் செல்பவனுக்கு இப்பழமொழி எவ்வாறு பொருந்தும்? கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். ஆயினும் குளிப்பதற்கு நீரில்லை. இந்த விந்தையை மனிதன் எவ்வாறு சமாளித்தான், அந்த முயற்சியில் யார் பயன் பெற்றார்கள், யார் துன்புற்றார்கள் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரன். பொன்னேரியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு முதியவர் வாழ்ந்தார். இளமையில் பினாங்குக்குச் சென்று, பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். ஆகையால் நாங்கள் அவரைப் பினாங்குத் தாத்தா என்றே அழைப்போம். காலையில் கிணற்றடிக்கு வந்தால் ஒரே ஒரு குடம் நீர் இறைத்து வைத்துக்கொள்வார். அதற்கு மேல் ஒரு செம்பு நீரும் எடுக்கமாட்டார்.

“கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறதே தாத்தா, ஏன் இந்தச் சிக்கனம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கப்பலில் கற்ற பாடம், தம்பி! ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் குளித்துப் பார், ஒரு குடம் நல்ல தண்ணீரின் அருமை உனக்கும் தெரியும்” என்றார் அவர்.

அச்சொல்லின் முழுப்பொருளும் அன்று எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் கப்பல்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் குளிக்கவும் துவைக்கவும் நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் நீர் போதும் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் 2,000 பேர் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அதன் எடை 100 டன். ஏழு நாள் பயணத்துக்கு 700 டன். சரக்கு ஏற்றிக் கூலி பெற வேண்டிய கப்பல், குளியலுக்காக மட்டும் 700 டன் நீரைச் சுமந்து செல்லுமா? செல்லாது. கப்பலில் நன்னீர் அருமைப் பொருளானதற்கு இதுவே காரணம்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் நன்னீரை மரப்பீப்பாய்களில் நிரப்பி வைத்தார்கள். சில வாரங்களில் அது நிறம் மாறி நாற்றமெடுக்கும். அதையும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அளந்தே கொடுத்தார்கள். குளிக்க விரும்பியவர், விடியற்காலையில் மாலுமிகள் தளத்தைக் கழுவும் வேளையில் அங்கே சென்று நிற்பார். கயிறு கட்டிய வாளியால் கடல்நீரை மொண்டு தலையில் ஊற்றுவார்கள். அக்காலத்துக் கப்பற் குளியல் அவ்வளவே.

நீராவிக் கப்பல் தோன்றியபின் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிகளும் வந்தன. ஆயினும் நீரைக் காய்ச்சுவதற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குப் பணம் வேண்டும். மேலும், வடித்தெடுத்த நன்னீரில் முதல் உரிமை கப்பலின் கொதிகலனுக்கே இருந்தது. உப்பு நீர் புகுந்தால் கொதிகலன் கெட்டுவிடும் அன்றோ? இயந்திரம் குடித்தது போக எஞ்சியதே மனிதனுக்குக் கிடைத்தது.

ஆகவே பெருங்கப்பல்களில் ஒரு புதிய முறை பிறந்தது. குளியல் தொட்டியில் சூடேற்றிய கடல்நீரை நிரப்புவார்கள். தொட்டியின் குறுக்கே ஒரு பலகையை இட்டு, அதன்மேல் ஒரு பாத்திரத்தில் வெந்நீராக நன்னீரை வைப்பார்கள். பயணி கடல்நீரில் அமிழ்ந்து குளித்துவிட்டு, இறுதியில் அந்தச் சிறிதளவு நன்னீரால் உப்பைக் கழுவிக்கொள்வார். இதற்கெனவே குளியலறைப் பணியாளர் ஒருவர் இருந்தார். இன்ன பயணிக்கு இன்ன நேரம் என்று பட்டியலிட்டு, உரிய நேரத்தில் அறைக்கதவைத் தட்டி, நீர் தயார் என்று அறிவிப்பது அவருடைய கடமை.

இம்முறையைப் படித்தபோது எனக்கு இராமேசுவரம் நினைவுக்கு வந்தது. அங்கே அக்கினி தீர்த்தமாகிய கடலில் முதலில் முழுகுகிறோம்; பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடுகிறோம். கடல்நீரில் குளித்தவன் நன்னீரில் உப்பைக் கழுவ வேண்டும் என்பது நம் மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தியே. ஆனால் இராமேசுவரத்தில் நன்னீருக்குக் கிணறுகள் உண்டு. கப்பலில் ஒரு பாத்திரமே உண்டு.

கடல்நீரில் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது என்பதை நீங்கள் வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சவர்க்காரத்தோடு கூடி வெண்ணிறக் கசடாகத் திரிந்துவிடும். சாதாரண உப்பின் மிகுதியும் சவர்க்காரத்தைக் கரையவிடாது. இதற்கு மாற்றாக அமைந்தது தேங்காயெண்ணெய். அதிலிருந்து செய்த சவர்க்காரம் உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கும். மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் கடல்நீர்ச் சவர்க்காரம் என்று விற்கப்பட்டது அதுவே. நம் தென்னைமரம் அட்லாண்டிக் பெருங்கடலிலும் மனிதனின் மேனியைத் தூய்மை செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி, இந்த வசதிகள் யாருக்குக் கிடைத்தன என்று பார்ப்போம். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை அறியாதார் இல்லை. அதில் முதல் வகுப்பினருக்குச் சூடேற்றிய கடல்நீர் நிரம்பிய நீச்சற்குளம் இருந்தது. துருக்கிய நீராவிக் குளியலறைகள் இருந்தன. மிக உயர்ந்த அறைகளில் தனிக் குளியலறைகளும் இருந்தன. மூன்றாம் வகுப்பில் 700-க்கும் மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். அவர்கள் அனைவருக்கும் இருந்த குளியல் தொட்டிகள் இரண்டே: ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. 1936-இல் ஓடத் தொடங்கிய குவீன் மேரி கப்பலின் குளியலறைகளில் ஒரே தொட்டிக்கு நான்கு வகை நீர் வந்தது: நன்னீரில் வெந்நீரும் தண்ணீரும், கடல்நீரில் வெந்நீரும் தண்ணீரும். அக்கப்பல் இன்றும் அமெரிக்காவின் லாங் பீச் துறைமுகத்தில் நிற்கிறது.

டைட்டானிக் கப்பலின் மூன்றாம் வகுப்பினருக்கு இரண்டு தொட்டிகள் என்பது அன்று பெருங்குறையாகத் தோன்றியிராது. அக்காலத்து ஐரோப்பிய ஏழைகளின் வீடுகளில் குளியலறை என்பதே அரிது. ஆனால் நாள்தோறும் தலைக்கோ உடலுக்கோ நீர் ஊற்றிப் பழகிய நம் மக்கள் கப்பலேறியபோது நிலைமை என்ன?

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் ட்ரூரோ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கடல்! பின்னர் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலட்சக்கணக்கானோர் சென்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தளப் பயணிகள். பேச்சு வழக்கில் டெக் பயணிகள். அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாய் விரித்த இடமே வீடு.

1926-இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பலை நம் முன்னோர் நன்கறிவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணிக்கு இத்தனை சதுர அடி இடம் என்று சட்டம் அளந்தது. அந்த இடத்தில் படுக்கலாம், உட்காரலாம். குளியல்? இத்தகைய கப்பல்களில் பொதுக் கழுவுமிடங்களுக்கு வந்தது பெரும்பாலும் கடல்நீரே. நன்னீர் அளந்து வழங்கப்பட்டது.

காந்தியடிகள் 1915-இல் கல்கத்தாவிலிருந்து இரங்கூனுக்குத் தளப் பயணியாகச் சென்றார். குளியலறை என்ற பெயரில் அங்கே இருந்த இடம் நம்பவியலாத அளவுக்கு அசுத்தமாக இருந்தது என்றும், கழிப்பிடங்களின் நிலை அதனினும் கேடாக இருந்தது என்றும், முறையிட்டும் பயன் விளையவில்லை என்றும் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். எளியவர்களோடு எளியவராக அவர் பயணம் செய்ததனாலேயே அந்த உண்மை ஏட்டில் ஏறியது. பினாங்குத் தாத்தாவைப் போன்ற எத்தனையோ பேர் எழுதவில்லை. எழுதத் தெரியாமலே மறைந்தார்கள்.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874-இல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஒன்று அமைந்தது. தளப் பயணிகள் அங்கே இறக்கப்பட்டு, மருந்து கலந்த நீரில் குளிக்க வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய துணிகளும் கிருமி நீக்கம் செய்யப்பட்டன. கடலில் குளிக்க நீர் கொடாமல் கொண்டு வந்தார்கள். கரையில் அழுக்கர் என்று எண்ணிக் குளிப்பாட்டினார்கள். அழுக்கு அவர்கள் குணமன்று. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடத்தின் குணம். நோயைத் தடுப்பது தேவையே. ஆனால் நோய்க்கு இடம் கொடுத்த ஏற்பாட்டை மறந்து, மனிதனைக் குறை கூறுவது நீதியாகுமா?

காலம் மாறியது. 1970-களில் ரஜுலாவின் வழியில் எம். வி. சிதம்பரம் என்னும் கப்பல் ஓடியது. அதில் எளிய பயணிகளுக்கும் அடுக்குப் படுக்கைகள் இருந்தன. 1985-இல் அதில் நேர்ந்த தீ விபத்தோடு சென்னை–சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் முடிவுக்கு வந்தது. உலகின் பிற கடல்களிலும் மாறுதல் வந்தது. 1969-இல் ஓடத் தொடங்கிய இரண்டாம் குவீன் எலிசபெத் கப்பலில் எல்லாப் பயணியர் அறைகளுக்கும் தனிக் குளியல் வசதி இருந்தது. கடல்நீரை நன்னீராக்கும் கருவிகள் திறம் பெற்றதும் கடல்நீர்க் குளியல் மெல்ல மறைந்தது.

இதையெல்லாம் திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன்? காரணம் உண்டு. 1872 முதல் சென்னை நகருக்குக் குழாய்நீர் தந்தது நம் மாவட்டத்துப் புழல் ஏரி. கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணையில் திரும்பி, சோழவரம் வழியாகப் புழலுக்கு வந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கமும் அதனோடு சேர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல்கள் நிரப்பிக்கொண்டது நகரத்தின் நீரே. ஆகவே பினாங்குத் தாத்தா அளந்து பெற்ற நன்னீர் அவர் சொந்த மண்ணின் நீராகவே இருந்திருக்க வேண்டும்!

2019-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் புழல் ஏரியே வறண்டது. அன்று நாமும் ஒருவகையில் கப்பற் பயணிகளாக இருந்தோம்: பக்கத்தில் வங்கக் கடல், வீட்டில் வெறுங்குடம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் அமைந்த ஆலை, கடல்நீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீராக்கும் திறனோடு கட்டப்பட்டது. கப்பல்களின் அடித்தளத்தில் நிலக்கரி எரித்துச் செய்த வேலையை, இன்று கரையில் வேறு முறையில் பேரளவில் செய்கிறோம்.

அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. ஆனால் பகிர்ந்து கொடுப்பது அறிவியலின் வேலையன்று, நம்முடைய வேலை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பிற மாநிலங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் வந்து உழைக்கிறார்கள். நம் முன்னோர் பினாங்குக்குப் போனதைப் போலவே அவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள். மாணவர்களே, அவர்கள் தங்கும் வரிசை வீடுகளைக் கடந்து செல்லும்போது, ஒரு குழாய்க்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு, அவர்களுடைய உடையைப் பற்றி ஏதும் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

கூழானாலும் குளித்துக் குடி என்று பிறருக்கு அறிவுரை கூறுவது எளிது. குளிப்பதற்கு ஒரு குடம் நன்னீரை அவன் முன் வைத்துவிட்டுக் கூறுவதே முறை.